கம்பெனி கையில் சிக்காமல் ஒரு இசை நிகழ்ச்சி நடத்துவது எப்படி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஒரு பழமொழி உண்டு. 2023 மார்ச் மாதம் தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு வேண்டுமென்றே 20 டாலருக்கெல்லாம் டிக்கெட் வைத்திருந்தது அந்தக் குழு. வாங்கப் போனால் டிக்கெட் விற்கும் பெரிய கம்பெனியான டிக்கெட்மாஸ்டரின் பக்கத்தில் சேவைக் கட்டணம், அரங்குக் கட்டணம், ஆர்டர் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறி, சிலருக்கு டிக்கெட் விலையைவிடக் கட்டணம் அதிகமாகிவிட்டது. பாடகர் ராபர்ட் ஸ்மித் ஊரறியச் சண்டை போட்ட பிறகு, மிகக் குறைந்த விலை டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தார்கள்.

ராபர்ட் ஸ்மித் சத்தம் போட்டால் கேட்பார்கள். எண்பது பேர் வரும் நிகழ்ச்சியை நடத்தும் நீங்களும் நானும் சத்தம் போட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, அதனால் நமக்கு வேறு வழி வேண்டும். சின்னச் சின்ன நிகழ்ச்சிகளை நடத்தி, இரண்டு மூன்று தடவை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை இங்கே எழுதுகிறேன். ஐம்பதிலிருந்து இருநூறு பேர் வரை வரும் நிகழ்ச்சிக்குத்தான் இது பொருந்தும், ஸ்டேடியம் நடத்தப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பணம் எங்கே இருக்கிறது

டிக்கெட் விலையில்தான் கம்பெனிகள் கொழிக்கின்றன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரிய நட்சத்திரத்தின் நிகழ்ச்சி என்றால் செலவு போக மிஞ்சுவதில் 85 சதவீதம், 90 சதவீதம் என்று அவரே பேசி வாங்கிக்கொண்டு போய்விடுவார், நடத்தும் புரொமோட்டர் கையில் டிக்கெட் காசு ஒட்டுவது கொஞ்சம்தான். லாபம் பக்கத்தில் இருக்கிறது. சேவைக் கட்டணம், அரங்குக்குள் விற்கும் பானம், வண்டி நிறுத்தும் இடம், மேடையில் தொங்கும் விளம்பரம், அப்புறம் டிக்கெட்டை யாராவது மறுபடி விற்றால் அதிலும் ஒரு கமிஷன். இவை வேறு வேறு ஆட்களிடம் இருந்தவரை ஒரு புரொமோட்டர் இன்னொருவரோடு மோதிப் பார்க்க முடிந்தது. எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், கலைஞருக்கு அள்ளிக் கொடுத்து டிக்கெட்டில் நஷ்டப்பட்டாலும் அவர் மற்ற பைகளிலிருந்து அதை எடுத்துவிடுவார். நமக்கு இருப்பது ஒரே பை.

இந்தச் சேர்க்கை ஒரே நாளில் நடக்கவில்லை. 1976-இல் அரிசோனாவில் ஆரம்பித்த டிக்கெட்மாஸ்டர் ஒரு பக்கம் வளர்ந்தது. இன்னொரு பக்கம் 1990களின் பிற்பகுதியில் ராபர்ட் சில்லர்மேனின் எஸ்எஃப்எக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஊருக்கு ஒருவராக இருந்த புரொமோட்டர்களை வரிசையாக விலைக்கு வாங்கியது, 2000-இல் அதைக் கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம் வாங்கி, 2005-இல் தனியாகப் பிரித்துவிட்டது. அதுதான் லைவ் நேஷன். 2010-இல் லைவ் நேஷனும் டிக்கெட்மாஸ்டரும் இணைந்தன. வேறு டிக்கெட் சேவைக்குப் போகும் அரங்குகளைப் பழிவாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது, 2019 டிசம்பரில் அதே அரசு நிபந்தனையைத் திரும்பத் திரும்ப மீறினார்கள் என்று சொல்லி அதை நீட்டித்தது. 2024 மே மாதம் இந்த இணைப்பைப் பிரிக்கக் கோரி அமெரிக்க நீதித் துறை வழக்கும் போட்டது. அந்த மனு சொல்லும் கணக்கைக் கேளுங்கள்: முக்கிய அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளில் சுமார் 60 சதவீதம், வட அமெரிக்காவில் 265-க்கும் மேற்பட்ட அரங்குகள், 400-க்கும் மேற்பட்ட கலைஞர்களுக்கு மேனேஜர் வேலை, முக்கிய அரங்குகளின் டிக்கெட் விற்பனையில் 80 சதவீதம் அல்லது அதற்கும் மேல்.

இதனால் கலைஞருக்கு என்ன ஆகிறது என்பதை 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் கிளைட் லாரன்ஸ் என்ற இளைஞர் சொன்னார். அவருடைய குழுவில் எட்டுப் பேர். டிக்கெட் 30 டாலர், அதற்கு மேல் கட்டணம் 12 டாலர், ஆக ரசிகர் கொடுத்தது 42. குழுவுக்கு வந்தது 12. சுற்றுப்பயணச் செலவு போக 6. அதை எட்டாகப் பிரிக்க வேண்டும், வரி இன்னும் கட்டவில்லை. நடத்துபவர், அரங்குக்காரர், டிக்கெட் விற்பவர் மூவரும் ஒரே கம்பெனியாக இருந்தால் செலவுக் கணக்கைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச ஆளே கிடையாது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், இங்கே மத்தளக்காரருக்கே இடி.

சரி, இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் வேலைத்திட்டம் ஒன்றுதான். பெரிய பெயர்களுக்காகக் கம்பெனியோடு ஏலத்தில் இறங்காதீர்கள், அது தோற்கும் சண்டை. அந்தப் பக்க வருமானங்கள் எல்லாம் உங்களிடமும் கலைஞரிடமும் அரங்குக்காரரிடமும் நிற்கும்படி உங்கள் நிகழ்ச்சியைக் கட்டுங்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

அரங்கு யாருடையது

இதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். பழைய செங்கல் சுவர், கையால் எழுதிய பலகை, பார்த்தாலே நம்ம ஆள் இடம் என்று தோன்றும். கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிக்கெட்டை அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும்தான் விற்கலாம், வாசலில் ரொக்கம் வாங்கக் கூடாது, வந்தவர்களின் மின்னஞ்சல் எங்களுக்குக் கிடைக்காது என்பதெல்லாம் தெரிந்தது. தவறு என்னுடையதுதான், ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது.

தோற்றத்தையும் பெயரையும் நம்பக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர், 1960களில் பில் கிரஹாம் என்ற தனி மனிதர் பேர் வாங்கித் தந்த அரங்கு. அவர் இறந்து சில வருடங்கள் கழித்து 1997-இல் அவருடைய நிறுவனம் எஸ்எஃப்எக்ஸுக்குப் போனது, அப்படியே கைமாறி லைவ் நேஷனுக்கு வந்தது, இன்று அந்தப் பெயரில் வேறு பல நகரங்களிலும் அரங்குகள் இருக்கின்றன. பெயரும் ஒரு சொத்து, அதையும் வாங்கலாம்.

கண்டுபிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை. அரங்கின் வலைத்தளத்தில் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரைப் பாருங்கள், தனியுரிமைக் கொள்கையைத் திறந்து உங்கள் தகவல் யார் யாருக்குப் போகும் என்ற பத்தியைப் படியுங்கள், வேலைவாய்ப்புப் பகுதியைச் சொடுக்கினால் எந்தக் கம்பெனியின் பக்கம் திறக்கிறது என்று கவனியுங்கள். அரசு நிறுவனப் பதிவேட்டில் இயக்குநர்களின் பெயரைத் தேடலாம். அரை மணி நேர வேலை. கட்டடம் ஒருவருடையதாகவும், நிகழ்ச்சிகளை முடிவு செய்பவர் இன்னொருவராகவும், டிக்கெட் ஒப்பந்தம் மூன்றாவது ஆளோடும் இருக்கலாம், மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நேரில் பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை இல்லை. டிக்கெட்டை நானே விற்கலாமா என்று கேளுங்கள். ஏனென்றால் பெரிய டிக்கெட் கம்பெனிகள் அரங்குகளுக்கு முன்பணம் கொடுத்து, சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கும் கொடுத்து, பல வருடத்துக்குத் தனி உரிமை எழுதி வாங்கிக்கொள்ளும். அந்த முன்பணத்தை வாங்கிய அரங்குக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை, கூரை ஒழுகும்போது யாராவது மொத்தமாகப் பணம் கொடுத்தால் வாங்கத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பூட்டு விழுந்த இடத்தில் நீங்கள் என்ன நல்ல எண்ணத்தோடு போனாலும் உங்கள் ரசிகர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழுவின் கதை இதைத்தான் காட்டுகிறது. 1994-இல் அவர்கள் டிக்கெட்மாஸ்டர் மீது அமெரிக்க நீதித் துறையிடம் புகார் கொடுத்தார்கள், குழுவினர் இரண்டு பேர் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியும் சொன்னார்கள். 1995-இல் டிக்கெட்மாஸ்டர் இல்லாமலே சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். வேறு டிக்கெட் நிறுவனம் கிடைத்தது, அரங்கு கிடைக்கவில்லை. நல்ல அரங்குகள் எல்லாம் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்ததால், கச்சேரிக்குப் பழக்கமே இல்லாத இடங்களில் மேடை போட வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜூலையில் அரசு விசாரணையை மூடியது, 1998-இல் குழு பழைய அரங்குகளுக்கே திரும்பியது. உலகத்திலேயே பெரிய ராக் குழுக்களில் ஒன்றின் நிலை அது. டிக்கெட்டை மாற்றுவதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கச்சேரிக்கென்று கட்டாத இடங்கள் நமக்கு உதவும், பேர்ல் ஜாமுக்கு இடைஞ்சலாக இருந்தது எண்பது பேருக்கு இடைஞ்சல் இல்லை. நூலகத்தின் கூட்ட அறை, நாடகக் குழுவின் ஒத்திகை இடம், சங்கக் கட்டடம், வழிபாட்டுக் கூடத்தின் பக்க அறை, புத்தகக் கடை மூடிய பிறகு அதன் தரை. கேட்க வேண்டியது: எத்தனை பேருக்கு அனுமதி, அவசர வழி எங்கே, எத்தனை மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும், எத்தனை மின் இணைப்பு, காப்பீடு யார் பொறுப்பு. அவசர வழியை நேரில் போய்த் திறந்து பாருங்கள். வழி இருக்கும், வெளியே பூட்டு தொங்கும், பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் வேறு இடம் தேடுங்கள், இதில் மட்டும் சமாதானமே வேண்டாம்.

கணக்கு

எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, விகிதத்தைப் பாருங்கள். நூறு பேர் கொள்ளும் அறை, டிக்கெட் 10 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 150, சவுண்ட் பார்ப்பவருக்கு 100, சுவரொட்டி, தண்ணீர், சில்லறைச் செலவு 50. மூன்று குழுக்கள், ஆளுக்கு உறுதித் தொகை 100. மொத்தம் 600. ஆக அறுபது பேர் வந்தால் கை கடிக்காது. எண்பத்தைந்து பேர் வந்தால் 250 மிஞ்சும், அதில் 200 கலைஞர்களுக்கு, 50 அடுத்த நிகழ்ச்சிக்கான உண்டியலுக்கு. அறை முழுக்க நிரம்பினால்தான் செலவு கட்டும் என்று கணக்கு வந்தால் அந்த நிகழ்ச்சியை நடத்தாதீர்கள், அல்லது சின்ன அறைக்குப் போங்கள். அறுபது பேர் நிரம்பிய சின்ன அறையில் இருக்கும் சூடு, முந்நூறு பேர் அரங்கில் நூறு பேர் ஓரமாக நிற்கும்போது வராது.

உறுதித் தொகை இல்லாமல் வாசல் வசூலைப் பங்கு போடுவோம் என்று சிலர் சொல்வார்கள். நண்பர்களுக்குள் சரி. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வரும் குழுவுக்கு எரிபொருள் காசாவது உறுதியாகச் சொல்லுங்கள், மழை பெய்தால் அந்த நஷ்டம் நடத்துபவருடையது, வாசிப்பவருடையது இல்லை.

எண்ணிக்கை இல்லாமல் ஆசையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் சின்ன அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் கொடுத்த 2023 கணக்கில், அந்த ஒரே வருடத்தில் 125 சின்ன அரங்குகள் நேரடி இசையை நிறுத்தின, 38 சதவீத அரங்குகள் நஷ்டம் காட்டின, இருந்தவற்றின் சராசரி லாபம் அரை சதவீதம். அரை சதவீதத்தில் ஓடும் ஒரு அரங்குக்காரரோடு நீங்கள் பேசப் போகிறீர்கள் என்பதை மனதில் வையுங்கள். வாடகையை அடித்துக் குறைப்பதைவிட, கூட்டம் குறைவாக வரும் செவ்வாய், புதன் போன்ற நாளைக் கேளுங்கள், உள்ளே விற்கும் பானத்தின் வருமானம் முழுக்க அவருக்கே என்று சொல்லுங்கள். பெரிய கம்பெனி எடுத்துக்கொள்ளும் அந்தப் பக்க வருமானம் இங்கே அரங்கைக் காப்பாற்றட்டும்.

டிக்கெட்டும் பட்டியலும்

டிக்கெட் விற்க மூன்று வழி: வாசலில் ரொக்கம், உங்கள் சொந்தப் பக்கத்தில் பணம் செலுத்தும் சேவையை இணைப்பது, அல்லது சின்ன டிக்கெட் நிறுவனம் ஒன்று. நான் மூன்றையும் கலந்துதான் செய்கிறேன், கொஞ்சம் டிக்கெட்டை எப்போதும் வாசலுக்கு விட்டு வைப்பேன், எல்லாரிடமும் அட்டை இருக்காது.

சுவரொட்டியில் 10 என்று போட்டால் கடைசியில் கட்டுவதும் 10-ஆகவே இருக்கட்டும். பணம் செலுத்தும் சேவை எடுக்கும் சில சதவீதத்தை உங்கள் செலவில் சேர்த்து விலை வையுங்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுக்குக் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது, அது நல்லதுதான், ஆனால் காட்டச் சொன்னார்களே தவிர குறைக்கச் சொல்லவில்லை.

டிக்கெட் நிறுவனத்திடம் கட்டாயம் கேட்க வேண்டியது இரண்டு. வசூலான பணம் நிகழ்ச்சிக்கு முன் எனக்கு வருமா, இல்லை முடிந்து எத்தனை நாள் கழித்து வரும்? ஒரு தடவை ஒரு நிறுவனம் எங்கள் பணத்தை ஆறு வாரம் வைத்துக்கொண்டது, கலைஞர்களுக்குக் கொடுக்க நான் வெளியே கடன் வாங்கினேன். இரண்டாவது, வாங்கியவர்களின் பட்டியலை நான் முழுதாக இறக்கிக்கொள்ளலாமா? முடியாது என்றால் அங்கே போகாதீர்கள், அவ்வளவுதான்.

பட்டியல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சந்தேகம் இருந்தால், கம்பெனிகள் அதற்காக என்ன செய்திருக்கின்றன என்று பாருங்கள். கலைஞர்கள் தங்கள் ரசிகர்களுக்கே முன்கூட்டி டிக்கெட் விற்க உதவிய கிரவுட்சர்ஜ் என்ற சின்ன நிறுவனத்தின் கணினிகளுக்குள், அங்கே முன்பு வேலை பார்த்தவரின் கடவுச்சொற்களை வைத்து டிக்கெட்மாஸ்டர் நுழைந்தது. அதற்காக 2020 டிசம்பரில் 1 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ரசிகரும் கலைஞரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இடம் அத்தனை மதிப்புள்ளது. உங்களிடம் இருநூறு பேரின் மின்னஞ்சல் இருந்தால், எந்தச் சமூக ஊடகத்துக்கும் காசு கொடுக்காமல் அடுத்த நிகழ்ச்சியைப் பாதி நிரப்பலாம். வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். விருப்பப்பட்டவர் எழுதட்டும், மாதம் ஒரு கடிதத்துக்கு மேல் அனுப்பாதீர்கள், பட்டியலை யாருக்கும் கொடுக்காதீர்கள், விளம்பரதாரருக்கு நிச்சயமாகக் கூடாது.

சின்ன டிக்கெட் நிறுவனம் என்பதால் காலத்துக்கும் நம்மோடு இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். டைஸ் என்ற லண்டன் செயலி பெரியவர்களுக்கு மாற்று என்று பெயர் வாங்கியது, 2021-இல் இசை நிகழ்ச்சிகளை இணையத்தில் ஒளிபரப்பும் பாய்லர் ரூம் என்ற நிறுவனத்தையும் வாங்கியது. 2025-இன் தொடக்கத்தில் பாய்லர் ரூம், சூப்பர்ஸ்ட்ரக்ட் என்ற விழா நிறுவனத்துக்குப் போனது, சூப்பர்ஸ்ட்ரக்டை அதற்கு முந்தைய வருடமே கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. சில மாதத்தில் டைஸையும் ஃபீவர் என்ற இன்னொரு டிக்கெட் நிறுவனம் வாங்கியது. கேகேஆரின் மற்ற முதலீடுகளைக் காரணம் சொல்லி 2025-இல் சூப்பர்ஸ்ட்ரக்டின் லண்டன் ஃபீல்ட் டே விழாவிலிருந்து பல கலைஞர்கள் விலகினார்கள், அவர்களில் பலர் ஒப்புக்கொண்டபோது விழா கடைசியில் யாருடையது என்றே கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். செயலியைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் பட்டியலை இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

பிளாக்கில் விற்பவர்கள் எண்பது பேர் நிகழ்ச்சிக்கு வர மாட்டார்கள். ஒருவேளை உங்கள் குழு திடீரென்று பிரபலமாகிவிட்டால், ஆளுக்கு இரண்டு டிக்கெட், பெயர் எழுதி, வர முடியாதவர் அதே விலைக்கு உங்களிடமே திருப்பித் தரலாம் என்று வையுங்கள். க்யூர் குழுவும் இப்படித்தான் டிக்கெட் கைமாறாமல் தடுக்கப் பார்த்தது, நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கலைஞரோடு ஒரு பக்க ஒப்பந்தம்

நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள், நட்பு கெடுவதே அங்கேதான். ஒரே பக்கம் போதும்: தேதி, வர வேண்டிய நேரம், சவுண்ட் செக் நேரம், எத்தனை நிமிடம் வாசிப்பது, உறுதித் தொகை, மிஞ்சினால் பங்கு, எப்போது கையில் பணம், யாராவது ரத்து செய்தால் என்ன. கூடவே, டி-ஷர்ட், இசைத்தட்டு விற்ற காசு முழுக்க அவர்களுக்கே என்று எழுதுங்கள்.

இந்தக் கடைசி விஷயம் சுவாரசியமானது. பல அரங்குகள் கலைஞர் விற்கும் டி-ஷர்ட்டில் கமிஷன் எடுக்கும். பிரிட்டனில் கலைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று 2022-இல், கமிஷன் எடுக்காத அரங்குகளின் பட்டியலை வெளியிட ஆரம்பித்தது. 2023 செப்டம்பரில் லைவ் நேஷனே தன் கிளப்புகளில் கமிஷன் கிடையாது, வழிச் செலவுக்கு 1,500 டாலரும் தருகிறோம் என்று அறிவித்தது. பாடகர் வில்லி நெல்சன் ஆதரவோடு வந்த அந்தத் திட்டத்தைக் கலைஞர்கள் வரவேற்றதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அமெரிக்காவின் தனி அரங்குகளின் சங்கமான நிவா உடனே எதிர்ப்புச் சொன்னது, அந்தச் செலவைத் தாங்க முடியாத சின்ன அரங்குகளிடமிருந்து கலைஞர்களை இழுக்கும் வேலை இது என்று. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வாசிக்கிறவருக்கு 1,500 டாலர் என்பது நிஜப் பணம், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் மற்ற பைகள் நிறைந்திருப்பவர்தான் ஒரு பையை இப்படித் திறந்து காட்ட முடியும் என்பதையும் மறக்க முடியவில்லை.

நீங்கள் எழுதக் கூடாத ஒரு விதியும் உண்டு. குறிப்பிட்ட தூரத்துக்குள், குறிப்பிட்ட காலத்துக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்பது. பெரிய விழாக்கள் இதைக் கடுமையாக வைத்திருக்கின்றன. ஏஇஜி என்ற இன்னொரு பெரிய கம்பெனி கலிபோர்னியாவில் நடத்தும் கோச்செல்லா விழாவின் ஒப்பந்தம், டிசம்பர் 15 முதல் மே 1 வரை வட அமெரிக்காவில் வேறு எந்த விழாவிலும் வாசிக்கக் கூடாது என்று தடுத்ததாக 2018-இல் ஆரிகன் மாநிலத்தின் ஒரு சின்ன விழாக்காரர் வழக்கு போட்டார். இரண்டு வார இறுதிகளில் நடக்கும் ஒரு விழாவுக்காக ஒரு கண்டத்தையே மாதக்கணக்கில் பூட்டுவது. உங்கள் நிகழ்ச்சியில் வாசிக்கும் குழு அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் வாசித்தால் உங்களுக்குக் கூட்டம் கொஞ்சம் குறையலாம், குறையட்டும். அவர்கள் வாரத்துக்கு இரண்டு இடத்தில் வாசித்தால்தான் இசையை நம்பி வாழ முடியும். பக்கத்துத் தெருவில் நடத்துபவரிடம் தேதியைப் பேசி மாற்றிக்கொள்வது இதைவிட எளிது.

தனியாகச் செய்யாதீர்கள்

நிகழ்ச்சிக்கு ஐந்து பேர் வேண்டும்: வாசல், சவுண்ட், மேடை, பணம், அப்புறம் சும்மா நின்று எல்லாவற்றையும் கவனிக்க ஒருவர். ஐந்தாவது ஆள் இல்லாமல் நடத்திப் பார்த்தால்தான் அவர் அருமை தெரியும்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் என்ற இடம் 1986-இன் கடைசி நாளில் தொடங்கி, தன்னார்வலர்களை வைத்து, எல்லா வயதினரையும் உள்ளே விட்டு நடந்து வருகிறது. பெரிய லேபிளில், அதாவது பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில், இருக்கும் குழுக்களுக்கு அங்கே மேடை இல்லை என்று விதி வைத்தார்கள், அங்கேயே வளர்ந்த கிரீன் டே குழு பெரிய லேபிளில் கையெழுத்திட்டதும் அவர்களுக்கும் அது பொருந்தியது. அந்த விதி எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் படுகிறது, நான் வைக்க மாட்டேன். ஆனால் எல்லா வயதினரையும் விடுவது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுகாசி குழு வருடக்கணக்கில் 5 டாலர் டிக்கெட், வயது வரம்பு இல்லை என்ற இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்தது. பதினாறு வயதில் முன்வரிசையில் நின்று பார்ப்பவர்தான் இருபது வயதில் உங்கள் மேடையில் வாசிப்பார், மது விற்பனையை நம்பிய இடத்தில் அந்தப் பதினாறு வயதுக்காரருக்கு வாசலிலேயே தடை.

நாலைந்து நிகழ்ச்சி நடத்துபவர்கள் சேர்ந்தால் ஸ்பீக்கரையும் மிக்சரையும் பொதுவில் வாங்கலாம், ஒரே நாளில் மோதாமல் நாட்காட்டி வைக்கலாம். இன்னும் பெரிதாகச் சேர்ந்தால் கட்டடத்தையே வாங்கலாம். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சின்னச் சின்னப் பங்குகளாகப் போட்ட பணத்தில், மான்செஸ்டர் பகுதியில் ஆதர்ட்டன் என்ற ஊரில் தி ஸ்னக் என்ற சின்ன அரங்கின் கட்டடத்தை 2023 அக்டோபரில் வாங்கினார்கள். வாடகை ஏறிக் காலி செய்ய வேண்டும் என்ற பயம் அதோடு போயிற்று. அதே நாட்டில், பெரிய அரங்கம், ஸ்டேடியம் நிகழ்ச்சிகளின் டிக்கெட்டில் ஒரு பங்கு சின்ன அரங்குகளுக்குப் போக வேண்டும் என்று 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்று சொன்னது. என்டர் ஷிகாரி குழு அதற்கு முன்பே அப்படிக் கொடுத்தது, கோல்ட்ப்ளே குழு தன் 2025 பிரிட்டன் நிகழ்ச்சி வருமானத்தில் 10 சதவீதம் தருவதாக அறிவித்தது. நட்சத்திரங்கள் மனது வைத்தால் வரும் பணம் இது, வந்தால் நல்லது, அதை நம்பி அடுத்த மாத வாடகையைத் திட்டமிட வேண்டாம்.

கம்பெனி கூப்பிட்டால்

நன்றாக நடத்தினால் ஒரு நாள் கூப்பிடுவார்கள். சேர்ந்து நடத்தலாம், விளம்பரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். உடனே கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்ல மாட்டேன், ஒரு தடவை அப்படிக் கிடைத்த பெரிய மேடை சில குழுக்களுக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். நிகழ்ச்சித் தொடரின் பெயர் யாருக்குச் சொந்தம், பட்டியல் யாருக்கு, நீங்கள் வெளியே நடத்த முன்கூட்டி அவர்களிடம் கேட்க வேண்டுமா, டிக்கெட் எத்தனை வருடம் அவர்களிடம், செலவுக் கணக்கின் ரசீதுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா. பெயரும் பட்டியலும் உங்களிடம் இருந்தால் ஒத்துவராதபோது வெளியே வந்து மறுபடி நடத்தலாம். இரண்டையும் கொடுத்துவிட்டால் வெளியே வருவது நீங்கள் மட்டும்தான்.

நிகழ்ச்சி அன்று இரவு

ஆள் கலைந்ததும் விளக்கு முழுவதும் எரியும்போதே கணக்கை முடியுங்கள். எத்தனை பேர் காசு கொடுத்து வந்தார்கள், எத்தனை பேர் இலவசமாக வந்தார்கள், செலவு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, குழுவில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண் எதிரே எண்ணிக் கொடுங்கள். தாளைப் படம் எடுத்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். நஷ்டம் வந்தாலும் அதே மாதிரிதான், சொன்ன உறுதித் தொகை குறையக் கூடாது, உண்டியலில் இருந்து எடுங்கள், அதற்குத்தான் உண்டியல். நாற்காலியை அடுக்கி, தரையைக் கூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அரங்குக்காரரிடம் அடுத்த மாதத் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும்.